நிலைக்காலில் இரண்டு வரிசைக் கோடுகள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. விடைத்தாள் திருத்தும் வேலைக்கு நடுவே இரண்டு முறை எடுத்துப் படித்தேன். பதில் எழுத இன்றைக்குத்தான் உட்கார முடிந்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்ததில் பெரிய நிம்மதி. 30 வருடமாக அச்சுத்தாளை லென்ஸ் வைத்துப் பார்த்த கண், கொஞ்ச நாள் ஓய்வெடுக்கட்டும். இங்கே எல்லோரும் நலம். அம்மா இப்போது கைத்தடி இல்லாமல் மாடிப்படி ஏறுகிறார்.

உன் மகள் ஊடகவியல் எடுக்கப்போவதாக எழுதிவிட்டு, "பாட்டுக்கு வீடியோ எடுப்பதெல்லாம் ஒரு படிப்பாடா?" என்று கேட்டிருந்தாய். பெண்ணைப் பெற்றவனுக்கு வரும் கவலைதான், புரிகிறது. நான் வாதாடப் போவதில்லை. இந்தப் பருவத்தில் என் வகுப்பில் ஐந்து பேர் சேர்ந்து செய்ததைச் சொல்கிறேன், நீயே யோசித்துக்கொள். உனக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அவர்கள் செய்து கொடுக்க வேண்டியவை மூன்று. ஒரு பாட்டுக்கான வீடியோ, அந்தப் பாட்டு வெளிவரும் ஆல்பத்தின் அட்டை, பத்திரிகையில் வரும்படி ஒரு பக்க விளம்பரம். கூடவே, ஏன் இப்படிச் செய்தோம் என்று எழுதிய குறிப்பேடு. எல்லாக் குழுக்களும் வீடியோவைத்தான் வேலை என்று நினைக்கும். அட்டையும் விளம்பரமும் கடைசி வாரத்தில் அவசரமாக ஒட்டவைக்கிற சங்கதி. இந்த ஐந்து பேரும் அப்படித்தான் ஆரம்பித்தார்கள்.

பாட்டைத் தேடிப்பிடிப்பதிலேயே ஒரு பாடம் இருந்தது. புகழ்பெற்ற பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டார்கள். ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன, வரியும் மெட்டும் எழுதியவருடையது ஒன்று, அந்த ஒலிப்பதிவுக்குச் சொந்தக்காரருடையது இன்னொன்று, இரண்டும் ஒரே கையில் இருக்க வேண்டியதில்லை என்று விளக்கினேன். கடைசியில் தாங்களே எழுதித் தாங்களே பதிவு செய்யும் ஒரு சிறிய இசைக்குழுவுக்குக் கடிதம் எழுதி அனுமதி வாங்கினார்கள். வீட்டை விட்டுப் போன அக்காவை நினைத்துத் தங்கை பாடுகிற பாட்டு. நீளம் 3 நிமிடம் 20 விநாடி.

நம் காலத்தில் இதெல்லாம் ஏது என்று கேட்டிருந்தாய். நாம் பிறப்பதற்கு முன்பே இருந்திருக்கிறதடா. 1940-களில் அமெரிக்காவில், காசு போட்டால் மூன்று நிமிடப் பாட்டுப் படம் ஓடுகிற பெட்டிகள் இருந்தன. அந்தப் படங்களுக்கு 'சவுண்டீஸ்' என்று பெயர். அப்போதே பாட்டை முதலில் ஒலிப்பதிவு செய்துவிட்டு, அதற்கு வாயசைக்கவைத்துப் படம் பிடித்தார்கள். 1981 ஆகஸ்ட் 1 அன்று எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சி தொடங்கிய பிறகு, பாடுகிறவரின் குரலோடு முகத்தையும் உடையையும் நடையையும் சேர்த்து விற்கிற தொழிலாக அது பெருகியது.

வாயசைப்பு என்றால் சும்மா உதட்டை அசைப்பது என்றுதான் பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். முதல் நாள் ஷூட்டிங்கில் பாடகியாக நடித்த பெண் ஒலிபெருக்கியில் ஓடிய பாட்டுக்குச் சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்தாள். அன்று மாலை ரஷ், அதாவது வெட்டாத படப்பதிவைப் போட்டுப் பார்த்தபோது அவளுக்கே பிடிக்கவில்லை. உதடு சரியான இடத்தில்தான் இருந்தது, கழுத்து தூங்கிக்கொண்டிருந்தது. உண்மையாகப் பாடுகிறவருக்கு மூச்சு இழுக்கும்போது தோள் எழும், உச்சத்துக்குப் போகும்போது தொண்டை நரம்பு புடைக்கும். மறுநாள், "வாய்விட்டுப் பாடு, அபஸ்வரமானாலும் பரவாயில்லை, உன் குரலை நாங்கள் எடுத்துக்கொள்ளப் போவதில்லை" என்றேன். தயங்கித் தயங்கிப் பாடினாள். மூன்றாவது டேக்கில் கூச்சம் போய்விட்டது. அந்த டேக்கைத்தான் கடைசி வரை வைத்திருந்தார்கள்.

இன்னொரு வித்தையையும் உனக்குச் சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்தது. ஓரிடத்தில் அவள் ஸ்லோ மோஷனில் நடந்து வர வேண்டும், ஆனால் உதடு பாட்டோடு பொருந்த வேண்டும். எப்படி? பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிடுவார்கள். அவள் அந்த வேகத்துக்குப் பாடிக்கொண்டே நடப்பாள். கேமரா விநாடிக்கு 50 பிரேம், அதாவது 50 தனித்தனிப் படம் எடுக்கும். பிறகு அதை 25 பிரேமாக ஓட்டினால் உலகமே பாதி வேகத்துக்கு இறங்கிவிடும், உதடு மட்டும் பாட்டின் இயல்பான வேகத்தோடு ஒட்டிக்கொள்ளும். எடுக்கும்போது எல்லோரும் சிரித்துச் சிரித்து நான்கு டேக் வீணாயிற்று. திரையில் பார்த்தபோது ஒருவர் வாயிலும் பேச்சில்லை. தலைமுடி காற்றில் மிதக்கிறது, துணி மெல்ல அலைகிறது, குரல் மட்டும் நம் காலத்தில் இருக்கிறது. விநாடியைப் பிரேமாகப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் காலத்தையே வளைக்கலாம் என்று 17 வயதில் கண்டுபிடிப்பது சாதாரண விஷயமா, சொல்.

இரண்டாவது கேமராவாகப் பயன்படுத்திய கைபேசி ஒரு தொல்லை கொடுத்தது. கைபேசிகள் பல நேரம் சீரான பிரேம் வேகத்தில் பதிவு செய்வதில்லை. முதல் வரியில் பொருந்திய உதடு கடைசிச் சரணத்தில் பின்தங்கிவிட்டது. எல்லாவற்றையும் சீரான வேகத்துக்கு மாற்றிய பிறகுதான் எடிட்டிங் தொடங்க முடிந்தது.

எடிட்டிங் செய்தவன் கணக்கில் கெட்டிக்காரன். பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 100 தாளம். விநாடிக்கு 25 பிரேம் என்றால், ஒரு தாளத்துக்குச் சரியாக 15 பிரேம். டைம்லைனில் 15 பிரேமுக்கு ஒரு கட் போட்டுக்கொண்டே போனான். தாளம் தவறவே இல்லை. ஆனால் ஒரு நிமிடம் பார்ப்பதற்குள் தலை வலித்தது. யார் முகமும் மனதில் நிற்கவில்லை. "ஓரிடத்தில் தாளத்தை விட்டுவிடு, அவள் மூச்சு விடும் வரை வெட்டாமல் இரு" என்று சொல்லிப் பார்த்தேன். அவன் கேட்கவில்லை. கட்டாயப்படுத்த எனக்கும் மனமில்லை. முதல் வடிவத்தில் 200-க்கும் மேல் கட் இருந்தது.

காட்சிகளிலும் ஒரு குறை இருந்தது. பாட்டு வரிக்கும் படத்துக்கும் உள்ள உறவை ஆண்ட்ரூ குட்வின் என்ற ஆய்வாளர் மூன்றாகப் பிரித்தார். வரி சொல்வதையே படம் காட்டலாம். வரிக்கு மேல் பொருள் கூட்டலாம். அல்லது வரிக்குத் தொடர்பில்லாமலே போகலாம். இவர்கள் முதல் வகையிலேயே நின்றுவிட்டார்கள். வரியில் மழை வந்தால் படத்தில் மழை, வரியில் கண்ணீர் வந்தால் கன்னத்தில் கண்ணீர்.

அந்த நிலையில்தான் ஆல்பம் அட்டைக்கு வந்தார்கள். இனி உன் உலகம், கவனமாகக் கேள்.

வீடியோவிலிருந்தே ஒரு பிரேமை எடுத்து அட்டையில் போட்டுவிடலாம் என்பது அவர்கள் திட்டம். 1920-க்கு 1080 பிக்சல் படம். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று வைத்தால் 1080 பிக்சல் அச்சில் ஒன்பது சென்டிமீட்டர் சொச்சம்தான் வரும். அட்டையின் முகப்பு 12 சென்டிமீட்டர் சதுரம், வெட்டுக்கு ஓரத்தில் 3 மில்லிமீட்டர் வேறு விட வேண்டும். பற்றாது. அதோடு, ஓடும் படத்தில் கண்ணுக்குத் தெரியாத அசைவு மங்கல், நிறுத்திப் பார்த்தால் முகமெங்கும் பூசியிருந்தது. திரையில் மின்னிய ஊதா வெளிச்சம், சோதனைக்குப் போட்ட அச்சில் சேற்று நிறமாக வந்து விழுந்தது. திரை வெளிச்சத்தால் நிறம் செய்கிறது, நீங்கள் மையால் செய்கிறீர்கள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா?

ஆகவே புதிதாக ஒரு புகைப்படம் எடுத்தாக வேண்டும். யாரை எடுப்பது? அங்கேதான் சண்டை தொடங்கியது. பாடுகிற தங்கையையா, போய்விட்ட அக்காவையா? அக்கா வீடியோவில் வரவே இல்லையே! மூன்று நாள் இதே பேச்சு. 5000 பிரேம் எடுத்தபோது வராத கேள்வி, ஒரே ஒரு படம் எடுக்க வேண்டும் என்றதும் வந்துவிட்டது. இந்தப் பாட்டு யாரைப் பற்றியது என்று அவர்கள் அதுவரை முடிவு செய்திருக்கவே இல்லை.

குழுவில் அதிகம் பேசாத ஒரு பெண் இருந்தாள். கன்டினியூட்டி பார்த்தவள், எந்தக் காட்சியில் எந்தச் சட்டை, முடி எந்தப் பக்கம் என்று நோட்டில் குறித்துவைப்பவள். சில காட்சிகளை அவள் வீட்டில்தான் எடுத்திருந்தார்கள். மூன்றாம் நாள், "எங்கள் வீட்டு நிலைக்காலை எடுக்கலாமா?" என்று கேட்டாள். அதில் பென்சிலால் உயரம் குறித்த கோடுகள், இரண்டு வரிசை. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் குறித்தவை. ஒரு வரிசை ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. மற்றொன்று அதைத் தாண்டி இரண்டு கோடு மேலே போகிறது. யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளும் மேற்கொண்டு சொல்லவில்லை. அடுத்த நாளே போய்ப் படம் எடுத்து வந்தார்கள், ஜன்னல் வெளிச்சத்தில், வேறு விளக்கு எதுவும் வைக்காமல்.

அட்டையில் முகம் கிடையாது. மரம், கோடுகள், கீழே ஆல்பத்தின் பெயர். பெயரையும் அந்தப் பெண்ணே பென்சிலால் எழுதி ஸ்கேன் செய்தாள். விளம்பரத்துக்கும் அதே எழுத்து. பாடகி அந்த நிலைக்காலில் முதுகைச் சாய்த்துத் தலைக்கு மேல் கையை வைத்து உயரம் பார்க்கிற படம் விளம்பரத்தில் இருக்கிறது. அவள் கை, நின்றுபோன வரிசையின் கடைசிக் கோட்டைவிட உயரத்தில் இருக்கிறது. பெயரும் வெளியாகும் தேதியும் தவிர அந்தப் பக்கத்தில் வேறு சொல் இல்லை.

பிறகு நடந்ததுதான் எனக்கு வியப்பு. எடிட்டிங் செய்தவன் அட்டையை எதிரே சுவரில் ஒட்டிக்கொண்டு, வீடியோவை முதலிலிருந்து பிரித்தான். மழையும் கண்ணீரும் போயின. முன்பு நடுவில் இரண்டு விநாடி இட்டுநிரப்பக் கிடந்த அந்த நிலைக்கால் ஷாட்தான் இப்போது தொடக்கம். ஸ்லோ மோஷனில் அவள் நடந்து வருவது அந்தக் கதவை நோக்கி என்று ஆகிவிட்டது. கடைசிச் சரணத்தில் குளோசப் ஒன்றை 14 விநாடி வெட்டாமல் விட்டிருக்கிறான். அதைப் பற்றி அவனிடம் நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. மொத்தம் 70-க்கும் குறைவான கட்.

மதிப்பெண் பட்டியலில் இதற்கெல்லாம் கட்டங்கள் உண்டு. மூன்றும் ஒரே அடையாளத்தில் இருக்கின்றனவா என்று ஒரு கட்டம். அதை நிரப்பிவிட்டேன். நான் 20 வருடமாக வீடியோவை முதலிலும் அட்டையைக் கடைசியிலும் வைத்துத்தான் அட்டவணை போட்டு வந்தேன். அடுத்த வருடம் முதல் வாரத்திலேயே, ஒரு ஷாட்கூட எடுக்கும் முன்பு, அட்டையைக் கேட்கப் போகிறேன்.

இனி உன் வேலை. இந்தக் கடிதத்தோடு அட்டையின் மாதிரி அச்சை வைத்திருக்கிறேன். பென்சில் கோடுகள் அச்சு மையின் நான்கு நிறத்திலும் சேர்ந்து வந்ததில் ஓரம் கலங்கித் தெரிகிறது. கோடுகளைக் கறுப்பில் மட்டும் விட்டால் கூர்மை வரும், ஆனால் மரத்தின் மேல் ஒட்டாமல் தனியாக நிற்குமோ என்று பயப்படுகிறார்கள். பூச்சில்லாத தாளில் போடலாமா என்றும் கேட்கிறார்கள், மை ஊறிக் கோடு தடித்துவிடும் என்று எனக்கு ஒரு சந்தேகம். அவர்களுக்குப் பதில் சொல்கிற அளவுக்கு எனக்கு இதில் அறிவு போதாது. கண் அனுமதித்தால் லென்ஸ் வைத்துப் பார். இல்லாவிட்டால் உன் மகளைப் பார்க்கச் சொல்லி, அவள் சொல்வதைக் கேட்டு நீ முடிவு செய். பதிலை அவளையே எழுதச் சொல்லு. பிள்ளைகள் வெள்ளிக்கிழமை வரை காத்திருப்பார்கள்.

உன் பழைய அறைத்தோழன்