புடமேருவின் எல்லையை முதலில் வரையுங்கள்: விஜயவாடாவிலிருந்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: ஆந்திரப் பிரதேச நீர்வளத் துறை, விஜயவாடா மாநகராட்சி

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு, வணக்கம்.

விஜயவாடாவின் வடபகுதியில் குடியிருக்கும் தமிழர்களில் நானும் ஒருவன். இம்மடலின் தெலுங்குப் படியை உங்கள் இரு அலுவலகங்களுக்கும் தனியே அனுப்பியிருக்கிறேன். பிழைப்புக்காக இவ்வூருக்கு வந்து, வாடகை கட்டுப்படியாகும் என்பதற்காகவே சிங் நகர்ப் பக்கம் வீடு பார்த்த தமிழ்க் குடும்பங்களும் படிக்கட்டும் என்று தமிழிலும் எழுதுகிறேன். என் வேண்டுகோள் ஒன்றுதான். 2024இல் நகரின் வடபகுதியை மூழ்கடித்த புடமேரு ஓடையின் வெள்ளப்பாதை எதுவரை என்பதை அளந்து, வரைபடமாக்கி, மக்கள் முன் வைப்பதற்கு முன்னால் அதன் கரையிலுள்ள வீடுகளின் மீது கைவைக்காதீர்கள்.

2011 கணக்கெடுப்பின்படி, 61.88 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்த மாநகராட்சி எல்லைக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். அந்தப் பரப்பிலும் மனிதர் குடியிருக்கக்கூடிய நிலம் முழுதாக இல்லை. தெற்கே கிருஷ்ணா நதி. மேற்கே இந்திரகீலாத்ரியும் அதையொட்டிய குன்றுகளும். பிரகாசம் தடுப்பணையிலிருந்து கிளம்பி ஊரை ஊடறுத்துச் செல்லும் ஏலூரு, ரைவஸ், பந்தர் கால்வாய்கள். போதாததற்கு நாட்டின் பெரிய சந்திப்புகளில் ஒன்றான ரயில் நிலையமும் அதன் தண்டவாளங்களும். எஞ்சியிருக்கும் நிலத்தில் இடம் கிடைக்காதவர்கள் குன்றுச் சரிவுகளில் ஏறினார்கள், கால்வாய்க் கரைகளில் ஒண்டினார்கள், அல்லது தண்டவாளத்துக்கு வடக்கே புடமேருவின் தாழ்நிலத்துக்குப் போனார்கள். 2024 ஆகஸ்ட் 31 அன்று மொகல்ராஜபுரத்தில் மண் சரிந்து உயிர்கள் போனதும், அடுத்த நாள் சிங் நகர் மூழ்கியதும் வெவ்வேறு விபத்துகளாகச் செய்திகளில் வந்தன. என் கணக்கில் இரண்டுக்கும் காரணம் இந்த நிலப் பற்றாக்குறைதான்.

கிருஷ்ணாவைப் பொறுத்தவரை உங்கள் துறையைப் பாராட்டத்தான் வேண்டும். 1855இல் சென்னை மாகாண அரசு கட்டி முடித்த அணைக்கட்டின் இடத்தில் 1957இல் எழுந்த பிரகாசம் தடுப்பணை, 2024 செப்டம்பர் 2 அன்று விநாடிக்கு 11.43 லட்சம் கன அடி நீரைக் கடத்திவிட்டது. 2009 அக்டோபரில் வந்த பெருவெள்ளத்தை விடவும் இது அதிகம். ஆற்றில் அடித்துவரப்பட்ட படகுகள் மதகுகளின் எதிர்எடைகளில் மோதிச் சேதப்படுத்தியபோதும் அணை நின்றது. 2009இலும் 2019இலும் தண்ணீர் புகுந்த கிருஷ்ணலங்கா, ராணிகாரி தோட்டா பகுதிகளை இம்முறை ஆற்றோரத் தடுப்புச்சுவர் காத்தது. அந்தச் சுவரை எழுப்பியது யார் என்று கட்சிகள் போட்டி போட்டுக்கொண்டு உரிமை கொண்டாடுவதிலிருந்தே அதன் பயன் தெரிகிறது. ஆனால் நகரத்தை மூழ்கடித்த வெள்ளம் அந்தப் பெரிய ஆற்றிலிருந்து வரவில்லை. முதுகுப்புறமாக, கோடையில் சாக்கடை போல ஓடும் புடமேரு என்ற வாகிலிருந்து (ஓடையிலிருந்து) வந்தது.

மைலவரம் பக்கத்துக் குன்றுகளில் தோன்றி, கொல்லேறு ஏரியில் சேர்வது புடமேருவின் இயல்பான வழி. அந்த வழி நகரத்தின் ஊடாகச் செல்வதால், வெலகலேறு ரெகுலேட்டரில், அதாவது மதகுகள் கொண்ட தடுப்பில், வெள்ளத்தை மறித்து, திருப்புக் கால்வாய் ஒன்றின் மூலம் இப்ராகிம்பட்டினத்துக்கு அருகே, தடுப்பணைக்கு மேலே கிருஷ்ணாவில் சேர்க்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. சாதாரண மழைக்கு இது நல்ல ஏற்பாடு. கிருஷ்ணாவும் அதே நாளில் பெருக்கெடுத்தால், ஆற்றின் நீர்மட்டம் உயர்ந்து, கால்வாய் நீர் ஆற்றுக்குள் இறங்க முடியாமல் பின்னோக்கித் தேங்கும். 2024இல் அதுதான் நடந்தது. விநாடிக்கு 15,000 கன அடி என்று சொல்லப்பட்டுவரும் கொள்ளளவைப் போல இரு மடங்குக்கும் மேல் நீர் வந்தபோது கால்வாயின் இடது கரை மூன்று இடங்களில் உடைந்தது. ரெகுலேட்டர் வழியாகத் திறந்துவிடப்பட்ட நீரும் உடைப்பு நீரும் சேர்ந்து சிங் நகர், பாயகாபுரம், வாம்பே காலனி, ராஜராஜேஸ்வரி பேட்டை என்று ஒவ்வொன்றாக விழுங்கின. ராணுவத்தினரும் வந்து உடைப்புகளை அடைக்க ஒரு வாரம் ஆயிற்று. சிங் நகர் மேம்பாலத்தின் அடிவாரம் படகுத்துறையாகிவிட்டதை நாடே பார்த்தது. முதலமைச்சர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலேயே தங்கி மீட்புப் பணிகளை நடத்தியதையும், டிரோன்களில் உணவுப் பொட்டலங்கள் வந்ததையும் இங்குள்ளவர்கள் நன்றியோடு நினைக்கிறார்கள்.

வெள்ளம் வடிவதற்குள்ளாகவே 'ஆபரேஷன் புடமேரு' என்ற அறிவிப்பு வந்தது. ஆக்கிரமிப்புகளால்தான் இவ்வளவும் நேர்ந்தது, அவற்றை அகற்றினால் தீரும் என்பது அப்போது எல்லோருக்கும் ஒப்புக்கொள்ள எளிதான விளக்கமாக இருந்தது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. நகருக்குள் பழைய புடமேரு பல இடங்களில் ஒரு வாய்க்கால் அளவுக்குச் சுருங்கியிருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் ஆக்கிரமிப்பு என்ற சொல்லை யார்மீது வைப்பது? வாம்பே காலனி, வீடில்லாத ஏழைகளுக்காக வால்மீகி அம்பேத்கர் வீட்டுவசதித் திட்டத்தின் கீழ் அரசே எழுப்பிய குடியிருப்பு. அங்குள்ளவர்கள் ஆற்றைத் திருடவில்லை. அரசு கொடுத்த சாவியை வாங்கிக்கொண்டார்கள். அதைச் சுற்றி எழுந்த மனைப்பிரிவுகளில் எத்தனையோ பத்திரப்பதிவு செய்யப்பட்டவை, மாநகராட்சி வரைபட அனுமதி பெற்றவை, சொத்துவரியும் குடிநீர்க் கட்டணமும் ஆண்டுதோறும் கட்டிவருபவை. இந்த அனுமதிகளை வழங்கியவர்களில் எவரையும் எவரும் ஆக்கிரமிப்பாளர் என்று அழைக்கவில்லை.

ஆகவேதான் வரைபடத்தை முதலில் கேட்கிறேன். பழைய வருவாய்ப் பதிவேடுகளின்படி வாகின் அகலம் எவ்வளவு, 2005இலும் 2024இலும் வெள்ளம் எந்தத் தெரு வரை எத்தனை அடி நின்றது, இனிமேல் எந்தக் கோட்டுக்குள் கட்டுமானமே கூடாது, எந்தக் கோட்டுக்குள் தரைத்தளத்தைத் தூண்கள்மேல் உயர்த்திக் கட்ட வேண்டும் என்பதெல்லாம் சர்வே எண்களோடு தெலுங்கில் அச்சாகி, வார்டுதோறும் உள்ள அரசு அலுவலகமான வார்டு செயலகம் ஒவ்வொன்றிலும் தொங்க வேண்டும். மறுப்புச் சொல்ல மக்களுக்குக் காலம் வேண்டும். அதன்பின் அகற்ற வேண்டிய வீடுகள் இருந்தால், அரசு கொடுத்த வீட்டுக்கும் அனுமதி பெற்ற வீட்டுக்கும் மாற்று வீடு தருவது சலுகை ஆகாது, கடன்தீர்ப்பே ஆகும். அந்த மாற்று வீடும் நகருக்குள்ளேயே, பேருந்துக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஆட்டோநகரிலும் ஒன் டவுன் மொத்தக் கடைகளிலும் நாள்கூலி பார்ப்பவர்களை முப்பது கிலோமீட்டர் தள்ளிக் குடியமர்த்தினால், ஆறே மாதத்தில் அவர்கள் இதே கரைக்கு வாடகைக்காரராகத் திரும்பி வருவார்கள்.

வீடுகளை அகற்றுவதால் மட்டும் தண்ணீர் போய்விடாது என்பதை உங்கள் பொறியாளர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திருப்புக் கால்வாயின் கொள்ளளவை 37,500 கன அடியாக உயர்த்தும் பேச்சு ஆண்டுக்கணக்காக நடக்கிறது. அது முடிந்தாலும், கிருஷ்ணா நிரம்பியிருக்கும் நாளில் முன்னே சொன்ன தேக்கம் நிற்காது. அன்று நீர் போகக்கூடிய ஒரே திசை பழைய வழியான கொல்லேறுதான். எனவே கீழ்ப்பகுதி வேலை மேல்பகுதி வேலைக்கு முந்த வேண்டும். ஏனிகேபாடு அருகே கால்வாய்க்கு அடியில் புடமேரு நுழைந்து செல்லும் சுரங்க வழி அன்று வந்த நீருக்குப் போதவில்லை. அதற்கும் கீழே கொல்லேறில், ஏரியை ஆக்கிரமித்திருந்த மீன்குளங்களின் கரைகள் 2006இல் உடைக்கப்பட்டபின் பல இடங்களில் அவை மீண்டும் முளைத்துவிட்டன. ஏரியிலிருந்து கடலுக்குச் செல்லும் உப்புட்டேறு வண்டலால் மேடிட்டுக் கிடக்கிறது. சிங் நகர்க் குடிசைக்கு ஒரு நீதி, கொல்லேறு மீன்குளத்துக்கு ஒரு நீதி என்று இருந்தால், இந்த நடவடிக்கையின் நோக்கத்தை எவரும் நம்பமாட்டார்கள்.

மாநகராட்சிக்குத் தனியாக ஒரு சொல். நகரின் மழைநீர் வடிகால்களுக்காக ஒன்றிய அரசு 461 கோடி ரூபாய் ஒதுக்கிய திட்டம் பாதி வழியில் நின்றது ஊரறிந்த செய்தி. புடமேரு வந்தாலும் வராவிட்டாலும் இரண்டு மணி நேர மழைக்கே எங்கள் தெருக்களில் முழங்கால் தண்ணீர் நிற்பதற்கு இந்த அரைகுறை வடிகால்களும் காரணம். அதன் மீதிப் பணியை முடிக்கும் தேதியைத் தெருவாரியாக வெளியிடுங்கள்.

தரைத்தள வீடுகளுக்கு 25,000 ரூபாயும் மேல்தளங்களுக்கு 10,000 ரூபாயும் என அறிவிக்கப்பட்ட நிவாரணம் பெரும்பாலானோர்க்கு உதவியது என்பதை ஏற்கிறேன். அது குறித்து இங்கே மேலும் பேசப் போவதில்லை.

பேச வேண்டியது எச்சரிக்கையைப் பற்றி. ரெகுலேட்டர் திறக்கப்பட்ட செய்தி தங்களுக்கு எட்டவேயில்லை என்பதுதான் சிங் நகர் மக்களின் பரவலான, இன்றும் ஆறாத குறை. தடுப்பணையில் நீர்வரத்து எவ்வளவு, முதலாம் எச்சரிக்கையா இரண்டாம் எச்சரிக்கையா என்பது மணிக்கொரு முறை தொலைக்காட்சியில் ஓடுகிறது. வெலகலேறில் நீர்மட்டம் எவ்வளவு என்பது ஓடுவதில்லை. அங்கிருந்து நகருக்கு நீர் வந்துசேரச் சில மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் முதியவர்களை மாடிக்கு ஏற்றலாம், ஆட்டோவை மேம்பாலத்தில் நிறுத்தலாம், ரேஷன் அட்டையையும் பட்டாவையும் பையில் போட்டுக்கொள்ளலாம். வெலகலேறு அளவுகோலுக்கும் முதலாம், இரண்டாம் எச்சரிக்கை மட்டங்களை நிர்ணயித்து, மதகைத் தூக்குவதற்கு முன் வார்டு செயலகங்கள் வழியாக ஒலிபெருக்கியிலும் கைப்பேசிக் குறுஞ்செய்தியிலும் அறிவிக்கும் ஆணையை எழுத்தில் பிறப்பியுங்கள். இதற்குக் கால்வாய் வெட்ட வேண்டியதில்லை, நிலம் எடுக்க வேண்டியதில்லை. அடுத்த தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன் செய்து முடிக்கலாம். வரைபடம் எந்தத் தேதியில் வார்டு செயலகங்களுக்கு வரும் என்பதையும் அதே ஆணையில் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
விஜயவாடா சிங் நகர்வாசி ஒருவர்