முட்டைக்கோஸைக் குற்றம் சொல்ல வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முட்டைக்கோஸ் சாப்பிட்டால் மூளையில் புழு வளரும் என்ற செய்தி கைப்பேசிகளில் ஓயாமல் சுற்றி வருகிறது. மனிதரையும் விலங்குகளையும் ஒருங்கே தாக்கும் ஒட்டுண்ணிகளுள் ஒன்றைப் பற்றிய அரைகுறைச் செய்தி இது. கால்நடை மருத்துவப் பணியிலிருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் சிலவற்றை விளக்க விரும்புகிறேன்.

அந்தப் புழு, பன்றி நாடாப்புழு. பெயரில் பன்றி இருந்தாலும், முழு வளர்ச்சியடைந்த புழு குடியிருப்பது மனிதக் குடலில்தான். சில மீட்டர் நீளும் அதன் உடல் நூற்றுக்கணக்கான கண்ணிகளால் ஆனது. முதிர்ந்த கண்ணிகள் ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான முட்டைகளுடன் மலத்தோடு வெளியேறுகின்றன. திறந்தவெளியில் கிடக்கும் அந்த மலத்தைத் தின்னும் பன்றியின் தசையில் அம்முட்டைகள், இளம்புழு அடங்கிய நீர்க்கட்டிகளாக உருவெடுக்கின்றன. சரியாக வேகாத அந்த இறைச்சியை உண்பவரின் குடலில் நீர்க்கட்டி மறுபடியும் நாடாப்புழுவாகிறது.

ஆனால் மூளையைத் தாக்கும் நோய் இறைச்சியால் நேரடியாக வருவதன்று. முட்டையை மனிதரே விழுங்க நேர்ந்தால், பன்றிக்கு நடப்பதே அவருக்கும் நடக்கிறது: குடலில் வெளிப்படும் இளம்புழு இரத்தத்தில் கலந்து தசை, கண், மூளை ஆகியவற்றில் தங்கிவிடுகிறது. மூளையில் தங்கும் நீர்க்கட்டி பல ஆண்டுகள் அறிகுறியே இல்லாமல் இருந்துவிட்டு, அழியத் தொடங்கும்போது சுற்றிலும் ஏற்படும் அழற்சியால் வலிப்பை உண்டாக்குவதுண்டு. இந்நோய் பரவலாக உள்ள பகுதிகளில் வலிப்பு நோயாளிகளுள் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கு இதுவே காரணம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்; வேலூரில் நடந்த ஆய்விலும் கிட்டத்தட்ட இதே அளவுதான் தெரியவந்தது.

சைவ உணவினர் தமக்குக் கவலையில்லை என்று நினைப்பதும் தவறு. 1990களின் தொடக்கத்தில் நியூயார்க்கில், பன்றி இறைச்சியைத் தொடாத வைதீக யூத சமூகத்தினர் 4 பேருக்கு இந்நோய் கண்டறியப்பட்டது. அவர்களது வீடுகளில் பணிபுரிந்தவர்களைப் பரிசோதித்தபோது, ஒருவருக்குக் குடலில் நாடாப்புழு இருந்தது. பணியாளரைப் பழிக்க இதைச் சொல்லவில்லை. தமக்குள் புழு இருப்பதை அறியாதவர்களே பெரும்பாலோர். சமைப்பவரின் கழுவப்படாத கை, கழிவுநீர் பாய்ந்த தோட்டத்தில் விளைந்து பச்சையாக உண்ணப்படும் எந்தக் காய் அல்லது கீரை என எதன் வழியாகவும் முட்டை வரலாம். நன்றாகக் கழுவி வேகவைத்த முட்டைக்கோஸை அஞ்ச வேண்டியதில்லை.

பன்றிகளுக்கான தடுப்பூசி ஹைதராபாத்திலேயே தயாரிக்கப்படுகிறது. பன்றி வளர்ப்போருக்கு அதை அரசு இலவசமாக வழங்கலாம். ஆனால் பன்றிக்கு ஊசி போட்டுவிட்டு மனிதக் குடலை மறந்துவிட்டால் பாதி வேலைதான் முடியும். பள்ளிகளில் தரப்படும் குடற்புழு மாத்திரை முக்கியமாக உருண்டைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழு ஆகியவற்றுக்கானது என்பதால், அதை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது. மூளை நீர்க்கட்டியால் வலிப்பு வந்தவரின் வீட்டில் உள்ள அனைவருக்கும், அங்கே சமைப்பவருக்கும் மலப் பரிசோதனை செய்வதை அரசு மருத்துவமனைகள் வழக்கமாக்க வேண்டும். குடலில் உள்ள நாடாப்புழுவுக்குப் பெரும்பாலும் மருத்துவர் தரும் ஒரே வேளை மருந்து போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்,
வேலூர் மாவட்டம்.