கலாவுக்கு ஒரு சுறாக் கடிதம்

தூத்துக்குடி
மே 19

அன்புள்ள கலா,

நீ பொங்கலுக்கு எழுதிய கடிதத்துக்கு இன்றுதான் பதில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நாலு மாதம் ஓடிவிட்டது. இரண்டு தடவை நீ போன் செய்தும் சரியாகப் பேச முடியவில்லை. கோபமாக இருப்பாய், தெரியும். தப்பு என்னுடையதுதான். கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு இதை முழுசாகப் படி.

முதலில் நல்ல சேதி. நம் சுகந்திக்குப் பெண் குழந்தை. ஏப்ரல் 28, சுகப்பிரசவம், எடை 2 கிலோ 900. ஏழாம் நாள் தொப்புள்கொடி விழுந்தது. மூக்கு மருமகனுடையது, காது மட்டும் எங்கள் வீட்டுக் காது. என் வீட்டுக்காரர் சுகமாக இருக்கிறார். உன் அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாக ஞானம் சொன்னாள். ஞானம் மாறவே இல்லை, இன்னும் அதே கறுப்புக் குடைதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சுறாவைப் பற்றி எழுதப் போகிறேன். 'ஆரம்பித்துவிட்டாள்' என்று நீ கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைப்பது இங்கிருந்தே தெரிகிறது. எடுத்து மாட்டிக்கொள். உன்னிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றும் இதில் இருக்கிறது.

குழந்தையைப் பார்க்கச் சம்பந்தியம்மா வந்திருந்தார்கள். வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்ட முதல் கேள்வி, "பால் சுறாப் புட்டு செஞ்சு குடுத்தீங்களா?" பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறுவதற்குப் பால் சுறா. உன் அம்மா உனக்குச் செய்தார்கள், என் அம்மா எனக்குச் செய்தார்கள். மஞ்சள் போட்டுக் கொதிக்க வைத்து, மணல் மாதிரி இருக்கும் தோலைச் சுரண்டி எடுத்து, சதையை உதிர்த்து, பூண்டை அள்ளிப் போட்டு வதக்கிய அந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. இங்கிலீஷ்காரன்கூட அந்த மீனுக்கு 'மில்க் ஷார்க்' என்றுதான் பெயர் வைத்திருக்கிறான், அதுவும் நம் நாட்டு நம்பிக்கையை வைத்து. நானும் மறுபேச்சுப் பேசாமல் மறுநாள் விடியற்காலையில் மீன் வாங்கத் திரேஸ்புரத்துக்குக் கிளம்பினேன்.

இப்போது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக்கூடாது. நாட்டுப்படகுகளுக்குத் தடை கிடையாது, அதனால் வருவதெல்லாம் அவர்களுடைய வலை மீன்தான். விலை ஆனை விலை, குதிரை விலை. நான் எப்போதும் வாங்கும் அக்காவிடம் கூடையில் எட்டு சுறா இருந்தது. பெரியதாக ஒன்றை எடுத்தேன், என் கைக்கு நாலு சாண் நீளம். அவள் அரிவாள்மணையில் வைத்து வயிற்றைக் கீறினாள்.

உள்ளே குட்டிகள், கலா. சுறாவுக்குக் கருப்பை இரண்டு. பக்கத்துக்கு இரண்டாக நாலு குட்டி, ஒவ்வொன்றும் தனித்தனி அறையில், ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட. துடுப்பு, வால், செவுள் பிளவு, கண் எல்லாம் முழுசாக வந்துவிட்டது. ஒவ்வொன்றின் நெஞ்சிலிருந்தும் ஈர நூல் மாதிரி ஒரு கொடி கிளம்பித் தாயின் கருப்பைச் சுவரில் போய் ஒட்டியிருந்தது. அக்கா கத்தியின் முனையால் நாலு கொடியையும் பட் பட்டென்று அறுத்துக் குட்டிகளைத் தனியே எடுத்து வைத்தாள். "உங்களுக்கு யோகம் டீச்சர், இது இன்னும் விசேஷம், பிள்ள பெத்தவளுக்கு ரொம்ப நல்லது" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

அப்புறம் கூடையில் மிச்சமிருந்த ஏழையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். கொடியில் வளரும் சுறா பிறந்தால், நெஞ்சுத் துடுப்பு இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்னக் கீறல் இருக்கும். அதுதான் அதன் தொப்புள். முதலில் திறந்து இளஞ்சிவப்பாக இருக்கும், சில வாரத்தில் மூடிக்கொள்ளும், அப்புறம் தடமும் மறைந்துவிடும். ஏழில் மூன்றுக்குத் திறந்தே இருந்தது. அதில் இரண்டு பால் சுறாவே இல்லை. துடுப்பு நுனிகளில் மை தொட்டு வைத்த மாதிரி கறுப்பு. அது ஆளை மிஞ்சும் நீளத்துக்கு வளரக்கூடிய சுறா. குட்டியாக இருப்பதால் பால் சுறா என்ற பெயரில் கூடையில் கிடக்கிறது. இதே மாதிரி, சுத்தியல் போலத் தலை உள்ள கொம்பன் சுறாக் குட்டியும் வரும் என்று அக்காவே சொன்னாள். தலையை வெட்டிவிட்டால் யாருக்குத் தெரியும்?

நான் முப்பது வருடம் உயிரியல் நடத்தியவள். கல்லூரியில் செய்முறை வகுப்பில் சுறா அறுத்தது நினைவிருக்கிறதா? விடுதிக்கு வந்தால் என் கை வாடைக்கு நீ ஒரு வாரம் பக்கத்தில் உட்கார விடவில்லை. அது ஸ்கோலியோடான், நம் நாட்டு விலங்கியல் மாணவர்கள் எல்லாரும் தலைமுறை தலைமுறையாக அறுத்த சுறா. தலையைத் திறந்து மூளை நரம்பு பத்தையும் தேடிக் கறுப்புத் தாள் செருகிக் காட்டினால் மதிப்பெண். வயிற்றுப் பக்கம் நான் திரும்பியே பார்க்கவில்லை. அந்தச் சுறாவின் முட்டை ஒரே ஒரு மில்லிமீட்டர்தான், சுறாக்களிலேயே அதுதான் சிறியது. அதில் கரு வளரும் அளவுக்கு உணவு கிடையாது. அதனால் ஏறக்குறைய ஆரம்பத்திலிருந்தே தாய்தான் கொடி வழியாக ஊட்டி வளர்க்கிறாள். இந்த ஏற்பாடு எவ்வளவு அழகு, பார். இதை நான் புத்தகத்தில் படித்துப் பாடமாகச் சொல்லியிருக்கிறேன். அரிவாள்மணையில் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

உனக்குக் கணக்குப் பிடிக்காது, ஆனாலும் இந்த ஒன்றைக் கேள். ஒரு சாளை பல்லாயிரம் முட்டை விடும். எங்கள் ஊர்ச் சீலா, உங்கள் ஊர் வஞ்சிரம், லட்சக்கணக்கில் விடும். நாம் எவ்வளவு அள்ளினாலும், கடல் நன்றாக இருந்தால் ஓரிரு வருடத்தில் திரும்பி நிமிர அவற்றுக்கு ஒரு வழி இருக்கிறது. பால் சுறாவுக்கு வயிற்றில் ஏறக்குறைய ஒரு வருடம், ஈற்றுக்குச் சாதாரணமாக இரண்டு முதல் ஐந்து குட்டி. இத்தனைக்கும் சுறாக் கூட்டத்தில் சீக்கிரம் பருவத்துக்கு வருகிற இனங்களில் இதுவும் ஒன்று. அந்தக் கறுப்பு நுனிச் சுறாவோ பருவத்துக்கு வரவே பல வருடம் எடுக்கும். வந்த பிறகும் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம்தான் ஈனும், நாலு முதல் ஏழு குட்டி. மனுஷி கணக்குதான் கிட்டத்தட்ட. மனுஷி மாதிரி பிள்ளை பெறுகிற ஒன்றை, சாளையைப் பிடிக்கிற மாதிரி பிடித்தால் என்ன ஆகும்?

தாய்ச் சுறா ஈனுவதற்குக் கரையோரம் வருகிறது. பெரிய சுறாக்கள் தின்றுவிடாமல் இருக்க, ஆழமில்லாத, கடல்புல் நிறைந்த, சின்ன மீனும் இறாலும் தாராளமாகக் கிடைக்கிற இடமாகப் பார்த்துக் குட்டியை விட்டுவிட்டுப் போகிறது. அப்புறம் திரும்பிப் பார்ப்பது கிடையாது. குட்டி, தாய் கல்லீரலில் சேர்த்துக் கொடுத்த கொழுப்பை வைத்து முதல் சில வாரத்தை ஓட்டி, வேட்டையாடக் கற்றுக்கொள்கிறது. பாதுகாப்பு என்று தேடி வந்த அந்தக் கரையோரத்தில்தான் நம் வலை அத்தனையும் கிடக்கிறது.

வலை போடுகிறவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த அக்காவிடம், குட்டியைத் திருப்பிக் கடலில் விட்டால் என்ன என்று கேட்டேன். "வலையை இழுக்கும்போதே செத்துதான் கெடக்கு டீச்சர். செத்ததைக் கடல்ல போட்டா யாருக்கு லாபம்?" என்றாள். அவள் சொல்வது சரி. இந்த மாதிரிச் சுறாக்கள் நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுளுக்குள் தண்ணீர் நன்றாக ஓடும். வலைக் கண்ணில் மாட்டி அசைய முடியாமல் நின்றுவிட்டால் மூச்சு முட்டிச் செத்துவிடும். அவர்கள் சுறாவைத் தேடியும் போகவில்லை. சீலாவுக்கும் ஊளிக்கும் போட்ட வலையில் இதுவும் விழுகிறது. டீசல் காசுக்கு அது ஆகிறது. கரையோரம் வந்து வாரிக்கொண்டு போகும் விசைப்படகுகளின் இழுவை மடி வலையைப் பற்றி அவர்களுக்கே ஆயிரம் புகார் இருக்கிறது.

வாங்குகிற நம்மைப் பற்றித்தான் எனக்கு இப்போது கவலை. சுறாத் துடுப்பு ஏற்றுமதியை 2015இல் முழுசாகத் தடை செய்தார்கள். சீனாக்காரன் சூப்புக்காகத்தான் சுறா அழிகிறது என்று நாம் எல்லாரும் பேசினோம், நானும் வகுப்பில் அப்படித்தான் சொன்னேன். பால் சுறாவை அந்தச் சூப்புக்காக யாரும் கரைக்குக் கொண்டு வரவில்லை, கலா. நம் வீட்டுச் சட்டிக்காகக் கொண்டு வருகிறார்கள். சட்டியை அடுப்பில் ஏற்றுகிறவர்கள் நீயும் நானும் சம்பந்தியம்மாவும்.

இப்போது உன் ஊருக்கு வருகிறேன். பாண்டிச்சேரிச் சுறா என்று ஒரு சுறா இருக்கிறது, தெரியுமா? உன் ஊரில் பிடித்த மாதிரியை வைத்து 1839இல் யோஹானஸ் முல்லர், யாக்கோப் ஹென்லே என்ற இரண்டு ஜெர்மன்காரர்களின் புத்தகத்தில் அது பதிவானது. அதே முல்லர்தான், சில சுறாக்கள் கொடியோடு வளர்கின்றன என்று அரிஸ்டாட்டில் எழுதி வைத்ததைச் சோதித்து, உண்மைதான் என்று நிரூபித்தவர். அரிஸ்டாட்டில் எழுதி இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் கழித்துத்தான் அது நடந்தது. அந்தப் பாண்டிச்சேரிச் சுறா உலகத்து அருங்காட்சியகங்களில் எல்லாம் சேர்த்து இருபதுக்கும் குறைவாகத்தான் இருக்கிறது. நம் கடலில் கடைசியாக உறுதியாகப் பதிவானது 1979. நாம் பாவாடை தாவணியில் கல்லூரிக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்த காலம். 2001இல் அதைப் பிடிக்கக் கூடாது என்று சட்டப் பட்டியலில் சேர்த்தபோது, பார்த்தே இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. நீ தினமும் வாக்கிங் போகிற கடற்கரைக்கு எதிரே இருக்கும் கடல் அது. உனக்கு ஒன்றும் தோன்றவில்லையா?

அதே பட்டியலில் வேளாவும் இருக்கிறது. திரேஸ்புரத்தில் ஒரு பெரியவர், வலை கோர்த்துக்கொண்டிருந்தவர், சின்னப் பையனாக இருந்தபோது வேளா பார்த்திருக்கிறாராம். "கொம்பு பூரா வலையைச் சுத்திக்கிடும், வலையை அறுக்காம எடுக்கவே முடியாது" என்றார். ரம்பம் மாதிரி இரண்டு பக்கமும் பல் வைத்த மூக்கு. எந்த வலையானாலும் மாட்டிக்கொள்ளும், தப்பிக்க முடியாது. உலகத்தில் வேளா ஐந்து இனம், ஐந்தும் அழிவின் விளிம்பில். வேளாவும் குட்டிதான் போடும். அவ்வளவு கூரான கொம்போடு குட்டி எப்படி வெளியே வரும் என்று கேட்கிறாயா? பிறக்கும்போது கொம்பு வளைந்து கொடுக்கிற மாதிரி மெத்தென்று இருக்கும், பல்லின் மேல் ஒரு சவ்வு உறை போட்டிருக்கும். தாய்க்கு ஒரு கீறல்கூடப் படாது.

இனி என் கேள்வி. பட்டினப்பாலையில் பரதவர் பௌர்ணமி அன்று கடலுக்குப் போகாமல், சுறாவின் கொம்பை நட்டுக் கும்பிடுவார்கள் என்று விடுதி மொட்டைமாடியில் நீ உரக்கப் படித்தாயே, 'சினைச் சுறவின் கோடு' என்று. அன்று நான் தூங்கிவிட்டேன் என்று இன்றைக்கும் குத்திக் காட்டுகிறாய். தூங்கவில்லை, அந்த வரி இத்தனை வருடம் என்னோடு இருந்திருக்கிறது. கொம்புள்ள சுறா என்றால் அது வேளாதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தச் 'சினை' என்ற சொல்தான் என்னைத் தூங்கவிடவில்லை. மீன் சினை என்றால் முட்டை. ஆடு மாடு சினையாக இருக்கிறது என்றால் வயிற்றில் குட்டி. புலவர் எதை நினைத்துச் சொன்னார்? குட்டி சுமக்கும் சுறாவை வயிறு கீறிப் பார்த்த பரதவர் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்திருக்குமா? உரைகாரர்கள் என்ன சொல்கிறார்கள் என்று எடுத்துப் பார்த்து எழுது. மழுப்பாதே.

புட்டு என்ன ஆயிற்று என்று கேட்பாய். அன்று வாங்கியதைச் சமைத்தேன். காசு கொடுத்து, உயிர் போனதை வீணாக்க மனசு வரவில்லை. சுகந்தி இரண்டு வாய் சாப்பிட்டாள். நான் தொடவில்லை. அதுதான் கடைசி என்று சம்பந்தியம்மாவிடம் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. கொடியையும் குட்டியையும் சொன்னபோது, "எங்க மாமியார் காலத்துல இருந்து செய்றோம்" என்றார்கள். பாதரசத்தைச் சொன்னதும்தான் காது கொடுத்தார்கள். சின்ன மீனைத் தின்னும் மீனை இன்னொன்று தின்று, அதைச் சுறா தின்று, ஒவ்வொரு படியிலும் பாதரசம் கூடிக்கொண்டே போகிறது. பெரிய சுறாவில் அதிகம், சின்னதில் குறைவு. அமெரிக்காவில் பாலூட்டும் தாய்மார்கள் சுறாவே வேண்டாம் என்று அரசாங்கமே சொல்கிறது. பால் ஊற வேண்டும் என்று கொடுப்பதில் இது இருக்கிறது என்றதும் அவர்கள் யோசித்தார்கள். காரல் மீன் குழம்பு வைக்கலாம் என்று முடிவானது. அதுவும் பிள்ளை பெற்றவளுக்கு நம் பக்கம் கொடுப்பதுதானே. முருங்கைக்கீரை தினமும் நடக்கிறது.

உன்னிடம் ஒரு வேலை. ஒருநாள் காலையில் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குப் போ. ஞானத்தையும் கூட்டிக்கொண்டு போ, குடை உதவும். கூடையில் கிடக்கும் சின்னச் சுறாவைப் புரட்டி, நெஞ்சுத் துடுப்புகளுக்கு நடுவில் பார். துடுப்பு நுனி என்ன நிறம், உன் கைக்கு எத்தனை சாண், தொப்புள் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா. இவ்வளவுதான். நான் இங்கே ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன், போகும் நாளெல்லாம் எழுதி வைக்கிறேன். இந்த ஊர்க் கல்லூரியில் நம் பழைய மாணவி ஒருத்தி மீன்வளம் நடத்துகிறாள், அவளிடம் கொடுப்பேன்.

அன்புடன்,
ராணி

பி.கு.: இன்று காலை சம்பந்தியம்மா போன் செய்தார்கள். குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்பதற்கு முன்னால், காரல் கிடைத்ததா என்று கேட்டார்கள்.