கல்நார்ப் புற்றுநோயைக் காலத்தோடு கண்டறிய வழிசெய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) சிமெண்ட் ஷீட் ஆலையில் வேலை பார்த்து மறைந்த தொழிலாளி ஒருவரின் மகள்

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009

பொருள்: நுரையீரல் உறையில் வரும் மீசோதெலியோமா புற்றுநோயை அரசு மருத்துவமனைகளில் கண்டறிதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

வணக்கம். மீசோதெலியோமாவுக்கு முதன்மையான காரணம் கல்நார்த் தூசு. ஷீட்டை அறுக்கும்போதும் துளை போடும்போதும் பறக்கும் நுண்ணிய இழைகள் மூச்சோடு உள்ளே போய் நுரையீரல் உறையில் தங்கிவிடுகின்றன. நோய் தலைகாட்ட 20 முதல் 50 ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் தொழிலாளி ஓய்வு பெற்றிருப்பார், சில ஊர்களில் ஆலையே இருக்காது. வேலை உடுப்பைத் துவைத்த மனைவிமாருக்கும் இது வந்திருக்கிறது. 1960-இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னர் என்ற மருத்துவரின் குழுவினர் விவரித்த 33 நோயாளிகளில், கல்நார்ச் சுரங்கத்தில் வேலையே செய்யாமல் அருகே குடியிருந்தவர்களும் உண்டு. புகைபிடிப்பது இந்த நோய்க்குக் காரணம் அல்ல. ஆனாலும் என் அப்பாவிடம் "பீடி குடிப்பீங்களா?" என்று எல்லோரும் கேட்டார்கள், "என்ன வேலை பார்த்தீங்க?" என்று யாரும் கேட்கவில்லை.

அவருக்கு மூச்சுத்திணறல், ஒரு பக்க நெஞ்சுவலி, நெஞ்சில் நீர். நம் ஊரில் நெஞ்சில் நீர் என்றால் முதலில் டிபியை நினைப்பது இயல்புதான். ஆனால் டிபி மாத்திரை சாப்பிட்ட பிறகும், எடுக்க எடுக்க நீர் சேர்ந்தபோதாவது வேறு நோயோ என்று பார்த்திருக்க வேண்டும். டிபிக்காக நெஞ்சு நீரில் பார்க்கும் ஏடிஏ என்ற நொதியின் அளவு இந்தப் புற்றிலும் கூடலாம். நீரில் உள்ள செல்களில் புற்று தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்றும் ஆகிவிடாது. சி.டி. ஸ்கேனில் உறை முண்டு முண்டாகத் தடித்திருந்தால், தோராக்கோஸ்கோபி (நெஞ்சுக்குள் குழாய்க் கருவி விட்டுப் பார்ப்பது) வழியாக உறையில் சதை எடுத்து, அதன் செல்களில் கால்ரெட்டினின், டபிள்யூடி-1 போன்ற புரதக் குறிப்பான்களைச் சோதித்தால்தான் நுரையீரல் புற்றிலிருந்து இதைப் பிரித்தறிய முடியும். அப்பாவுக்கு இது நடப்பதற்குள் நோய் நெஞ்சுச் சுவருக்குப் பரவிவிட்டது. முன்பே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் வாதாட வரவில்லை. தேவையில்லாத மாத்திரைகளைத் தின்று வாடியிருக்க மாட்டார். வலிக்கு உரிய மருந்து கிடைத்திருக்கும். உயிரோடு இருக்கும்போதே இழப்பீடு கேட்டிருப்பார்.

ஆகவே, நெஞ்சில் நீரோடு வரும் ஒவ்வொருவரிடமும் முன்பு செய்த வேலைகளையும், வீட்டில் மற்றவர்கள் செய்த வேலைகளையும் கேட்டு நோயாளிக் குறிப்பில் எழுத ஆணையிட வேண்டுகிறேன். டிபி சிகிச்சைக்குப் பின்னும் நீர் வற்றாதவர்களைத் தாமதமின்றி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பவும், சதைப் பரிசோதனையைக் கட்டணமின்றிச் செய்யவும் வழிசெய்ய வேண்டும். கல்நார்த் தொழிலாளரின் உடல்நலப் பதிவேட்டை, வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது ஓய்வுக்குப் பின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை காக்க வேண்டுமென உச்ச நீதிமன்றம் 1995-இல் உத்தரவிட்டது. தொழிலாளர் துறையோடு சேர்ந்து அந்தப் பதிவேடுகளைப் பெற்று, அப்பாவோடு வேலை பார்த்து இன்றும் உயிரோடு இருப்பவர்களை அழைத்துப் பரிசோதிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: அப்பாவின் சதைப் பரிசோதனை அறிக்கை, பணிச் சான்று நகல்