வேலாயுதத்துக்கு, பிரஷ் பற்றி

குன்னூர்

அன்புள்ள வேலாயுதம்,

உன் கடிதமும் படமும் கிடைத்தன. ராஜபாளையம் நாயைத் தவிர வேறெதையும் நாயென்றே ஒப்புக்கொள்ளாத நீ, பேத்தியின் பிடிவாதத்துக்கு இணங்கி ஒரு கோல்டன் ரிட்ரீவரை மதுரை வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டாய் என்று படித்ததும் வாய்விட்டுச் சிரித்தேன். இங்கே எல்லோரும் நலம். எங்கள் ஜெர்மன் ஷெப்பர்டு கிழவிக்கு இப்போது படியேறத் தயக்கம். முடி உதிர்ப்பதில் மட்டும் தளர்ச்சி இல்லை.

கடையில் தொங்கும் பிரஷ்களில் எதை வாங்குவது என்று கேட்டிருந்தாய். அட்டையில் அச்சிட்டிருக்கும் இனப் பெயரையும் விலையையும் பாராமல், உன் நாயின் ரோமம் எவ்வளவு ஆழம் என்று விரலால் பிரித்துப் பார்த்து, அந்த ஆழத்தைத் தாண்டித் தோலைத் தொடும் நீளத்தில் பல் உள்ளதை வாங்கு. சிப்பிப்பாறைக்கும் ராஜபாளையத்துக்கும் உடம்போடு ஒட்டிய குட்டை முடி என்பதால் நம் வீடுகளில் இந்தப் பேச்சுக்கே இடமிருந்ததில்லை. உன் வீட்டுக்கு வந்திருப்பதோ, 1868இல் ஸ்காட்லாந்து மலைப்பகுதியில் ட்வீட்மவுத் பிரபு, சுடப்பட்டு நீரில் விழும் பறவைகளை எடுத்துவருவதற்காக வளர்க்கத் தொடங்கிய இனம். குளிர்ந்த நீரைத் தாங்குவதற்காக, அதற்கு மேலே நீண்ட முடியும் அடியில் மென்மையாக அடர்ந்த உள்ரோமமும் உண்டு. உதிர்ந்த உள்ரோமம் வெளியே விழாமல் மேல்முடிக்குள் சிக்கி, நாளடைவில் சடையாகிவிடுவதுதான் தொல்லை. குட்டை முடிபோல் தோன்றும் லாப்ரடாருக்கும் இந்த இரட்டை அடுக்கு உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஆனால் அதற்கு ரப்பர் பிரஷே பெரும்பாலும் போதும்.

உனக்கு மூன்று பொருள்கள் வேண்டும். முதலாவது, நீண்ட பற்களை இடைவெளி விட்டுப் பதித்த ‘ரேக்’. உதிர்ந்த உள்ரோமத்தை வாரி வெளியே கொண்டுவருவது அதுதான். பல் முனைகள் மழுங்கலாக இருக்கின்றனவா என்று தடவிப் பார்த்து வாங்கு. இரண்டாவது, வளைந்த மெல்லிய கம்பிகள் நெருக்கமாக உள்ள ‘ஸ்லிக்கர்’. சிறு சிக்குகளைப் பிரிக்க இதற்கு இணையில்லை; எனினும் அழுத்தித் தேய்த்தால் தோல் சிவந்து எரியும். உன் முன்கையின் உட்புறத்தில் இழுத்துப் பார், எந்த அழுத்தத்தில் உனக்கு வலிக்கிறதோ அதற்குக் கீழேயே நின்றுகொள். மூன்றாவது, ஒரு பாதி அகலப் பல்லும் மறுபாதி நெருக்கப் பல்லுமாக உள்ள உலோகச் சீப்பு. பிரஷ் போட்டு முடித்தபின் இது வேரிலிருந்து நுனிவரை தடையின்றிப் போகவேண்டும். எங்கே நிற்கிறதோ அங்கே வேலை பாக்கி. மூன்றில் இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன், ஏனென்றால் மேலே பளபளவென்றும் அடியில் கம்பளி விரித்ததுபோலும் இருக்கும் நாய்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கத்திபோன்ற பற்களுள்ள முடியுதிர் கருவி ஒன்றையும் கடைக்காரர் நீட்டுவார். குவியல் குவியலாக முடி வருவதைப் பார்க்க மகிழ்ச்சியாகத்தான் இருக்கும், ஆனால் அளவு மீறினால் அது மேல்முடியையும் வெட்டிவிடும். எனக்கு அதில் நம்பிக்கையில்லை.

வாரும்போது ஒரு கையால் முடியை மேலே ஒதுக்கிப் பிடித்து, தோல் கோடாகத் தெரியும்படி வகிடெடுத்து, கீழிருந்து அடுக்கடுக்காக மேலே போ. காதின் பின்புறம், முன்னங்கால் இடுக்கு, தொடையின் பின்முடி, கழுத்துப்பட்டையின் அடி ஆகிய இடங்களில்தான் சடை முதலில் பிடிக்கும். உண்ணியும் அங்கேயே ஒளிந்திருக்கும். குளிப்பாட்டுவதற்கு முன்பே சிக்கெடுத்துவிடு, நனைந்த சடை இறுகிப் பிறகு கத்தரிக்கோலுக்கே வழிவிடும். சித்திரை வெயிலில் மொட்டையடித்துவிடச் சொல்லி யாராவது நிச்சயம் வருவார்கள், கேளாதே. அந்த ரோமம் வெயிலையும் தடுக்கிறது. வழித்தபின் சில நாய்களுக்கு அது முன்போல் சீராக வளர்வதும் இல்லை. மின்விசிறியும் தண்ணீரும் காலை நடையும் போதும்.

குட்டி இப்போதே பிரஷைக் கடிக்கிறது என்று எழுதியிருந்தாய். முதல் சில வாரங்கள் இரண்டு நிமிடத்துக்கு மேல் நீட்டாதே, பேத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு துண்டு வேகவைத்த கோழியைக் கொடுக்கச் சொல். குட்டியின் ரோமத்தின் நீளத்தை அடுத்த கடிதத்தில் எழுது. ரேக்கின் அளவை இங்கிருந்தே பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
ராமநாதன்