‘வழியில் ஜிரோகாஸ்தர்’: பால்கன் டூர் நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பால்கன் நாடுகளுக்கு நம்மவர்களை அழைத்துப்போகும் டூர் ஏற்பாட்டாளர்களுக்கு வணக்கம்.

உங்களில் ஒருவர் நடத்திய டூரில் இரண்டு வருடத்துக்கு முன்பு வந்தவன் நான். எந்த டிராவல்ஸ் என்று சொல்லப்போவதில்லை. விசா, ஓட்டல், மதியத்துக்குப் புளியோதரை எல்லாம் சொன்னபடி நடந்தது. என் குறையெல்லாம் நிகழ்ச்சி நிரலில் ஆறாம் நாளுக்குக் கீழே இருந்த ஒரு வரியில்தான்: ‘காலை சராண்டாவிலிருந்து புறப்பாடு, நீலக்கண் ஊற்று, வழியில் ஜிரோகாஸ்தர், இரவு டிரானா.’

ஜிரோகாஸ்தர் தெற்கு அல்பேனியாவில் மலைச்சரிவில் இருக்கும் பழைய கல் ஊர், டிரானா அந்த நாட்டின் தலைநகரம். அந்த ‘வழியில்’ என்ற சொல்லுக்கு இரண்டு மணி நேரம் என்று பொருளாம். பேருந்து கீழே புது ஊரில் நின்றது. பழைய ஊரின் சந்துகளில் அவ்வளவு பெரிய வண்டி ஏறாது, சரி. செங்குத்தான கல் பாதையில் ஏறிக் கடைத்தெருவைச் சேரவே அரை மணி போனது, குழுவில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். கோட்டையில் ஒரு சுற்று. அங்கே நிற்கும் அமெரிக்க விமானத்தின் முன்னால் போட்டோ. அது 1957இல் அல்பேனியாவில் இறங்க நேர்ந்த பயிற்சி ஜெட். உளவு விமானத்தைப் பிடித்துவிட்டோம் என்று அன்றைய அரசு அதைக் காட்சிக்கு வைத்தது. இந்தக் கதையைச் சொல்லக்கூட நேரமில்லை. பிரிட்ஜில் ஒட்டும் காந்தம் வாங்கினோம், விசில் ஊதிவிட்டார்கள். பேருந்தில் எனக்கு முன்சீட்டு அக்கா, “ஒரே கல்லா இருக்கு, இதுக்கா இவ்வளவு தூரம்?” என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு மணி நேரத்தில் கல்தான் தெரியும்.

போன வருடம் தனியாகப் போய் மூன்று இரவு தங்கினேன். அதனால்தான் இந்த மடல்.

மாலை ஐந்து மணிக்கு மேல் பேருந்துக் கூட்டம் இறங்கிப் போனதும் கடைத்தெரு வேறு ஆளாகிவிடுகிறது. கடைக்காரர்கள் வாசலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறார்கள். நான் தங்கிய வீட்டுக்கார அம்மா அன்றிரவு கிஃப்கி செய்தார். சோறு, முட்டை, புதினா பிசைந்து உருட்டிப் பொரிப்பது. இந்த ஊர்ப் பலகாரம். அதைச் சுடும் சட்டியைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். குழி குழியாக, அச்சு அசல் நம் பணியாரக்கல். அவர் கரண்டிக் காம்பால் ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்ட விதம்கூட என் அத்தையின் விதம்தான். (உங்கள் குழுவில் முட்டை சாப்பிடாதவர்களுக்கு இது ஆகாது. கீரையோ பாலாடைக்கட்டியோ வைத்துச் சுடும் பியுரெக் என்ற அடுக்கு மாவுப் பலகாரம் எங்கும் கிடைக்கும், மாவில் என்ன சேர்த்திருக்கிறது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.)

மறுநாள் மழை. அந்த ஊரில் அது அதிசயமில்லை. பழைய கோபுர வீடு ஒன்றுக்குள் போனேன். இந்த வீடுகளின் கணக்கு எளிது: உயரமான அடித்தளம், அதன்மேல் குளிர்காலத்துக்கு ஒரு தளம், அதற்கும் மேலே கோடைக்கு ஒரு தளம். குடும்பமே வருடத்துக்கு இரண்டு முறை தன் வீட்டுக்குள்ளேயே குடிபெயர்ந்திருக்கிறது. நான் பார்த்த வீட்டில் கூரைத் தண்ணீர் அடித்தளத்துத் தொட்டிக்கு இறங்குகிறது. விருந்தினர் அறையில்தான் சித்திரமும் மர வேலைப்பாடும் அதிகம். அதே அறையின் மேலே, மரத் தடுப்பு போட்ட பரண் ஒன்று. வந்திருக்கும் ஆண்களை வீட்டுப் பெண்கள் அங்கிருந்து பார்ப்பார்களாம். ஸெகாதே வீடும் ஸ்கெந்துலி வீடும் பார்வைக்குத் திறந்திருக்கின்றன. உங்கள் நிரலில் இரண்டுமே இல்லை.

கூரையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஓடு கிடையாது, தகடு தகடான சுண்ணாம்புக் கல். அத்தனை பாரமும் கீழே உள்ள மரச்சட்டத்தின் மேல். உத்திரம் உளுத்தால் கூரை நடுவில் குழியும், தண்ணீர் இறங்கும், அப்புறம் சுவர் சாயும். சரிசெய்ய ஒவ்வொரு கல்லாக இறக்கி, மரம் மாற்றி, மறுபடி அடுக்க வேண்டும். ஊரின் பழைய பகுதி 2005இலிருந்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது (2008இல் பெராத் என்ற இன்னொரு அல்பேனிய ஊரும் அதனுடன் சேர்ந்தது). ஆகவே தகர ஷீட் போட்டு ஒப்பேற்றவும் முடியாது. 1991க்குப் பிறகு நிறையப் பேர் கிரேக்கத்துக்குப் பிழைக்கப் போய்விட்டார்கள். ஒரு வீட்டுக்குப் பல வாரிசு, யார் பணம் போடுவது? கோட்டைச் சுவரில் நின்று பாருங்கள், நேராக நிற்கும் கூரையும் தெரியும், குழிந்த கூரையும் தெரியும். என் கண்ணுக்கு, ஆள் வந்து தங்கும் வீடுகளின் கூரைதான் நேராக இருந்தது. காந்தம் விற்ற காசு கூரைக்குப் போவதில்லை, ஓர் இரவு வாடகை போகிறது.

உங்கள் வழிகாட்டி ‘என்வர் ஹோஜா பிறந்த வீடு’ என்று தூரத்திலிருந்தே கை காட்டினார். அல்பேனியாவைப் பல பத்தாண்டுகள் ஆண்ட கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி ஹோஜா 1908இல் அங்கே பிறந்தது உண்மை. அந்த வீடு 1916இல் எரிந்துபோனது. இப்போது நிற்பது 1966இல் மாதிரி வீடாகக் கட்டியது, இன்று இனவியல் அருங்காட்சியகம். அதே மேட்டில் 1936இல் பிறந்தவர் எழுத்தாளர் இஸ்மாயில் கதாரே. 2024இல் காலமானார். அவர் வீட்டையும் பார்க்கலாம். எனக்குப் பிடித்தது கடைத்தெரு மசூதியின் கதை. 1757இல் கட்டியது. ஹோஜா ஆட்சி 1967இல் மதத்தையே தடைசெய்து ஊரின் மற்ற மசூதிகளை இடித்தபோது இது மட்டும் தப்பியது. உயரமான கூரை சர்க்கஸ்காரர்கள் தொங்கிப் பழக வசதியாக இருந்ததாம். மசூதி வாசலில்தான் நம் குழு ஐஸ்கிரீம் சாப்பிட்டது. யாரும் இதைச் சொல்லவில்லை.

நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்று தெரியும். நாற்பது பேருக்கு அந்த வீடுகளில் இடம் இல்லை என்பீர்கள். ஒரே வீட்டில் இல்லைதான், மூன்று நான்கு வீடாகப் பிரியுங்கள். கல்யாணத்துக்கு வந்தவர்களை அப்படிப் பிரித்துத் தங்கவைத்துப் பழகியவர்கள்தானே நாம். பெட்டிகளைச் சிறிய வண்டியில் ஏற்றலாம், முழங்கால் வலிக்காரர்களுக்குக் கீழிருந்து டாக்ஸி பிடிக்கலாம். கடைத்தெருக் கல் தேய்ந்து வழவழவென்று இருக்கும், மழையில் வழுக்கும். பிடிமானமுள்ள காலணி கட்டாயம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். டிரானாவில் ஓர் இரவைக் குறைத்தால் செலவும் பெரிதாக ஏறாது. டிரானா கோபித்துக்கொள்ளாது.

அடுத்த வருட நிரலை நீங்கள் இப்போது அச்சடித்துக்கொண்டிருப்பீர்கள். அந்த ஆறாம் நாள் வரியில் ‘வழியில்’ என்பதை அடித்துவிட்டு, ‘இரவு’ என்பதை ஜிரோகாஸ்தருக்கு முன்னால் போடுங்கள். முன்சீட்டு அக்காவுக்குச் சொல்லியிருக்கிறேன், இன்னொரு தடவை வருகிறேன் என்கிறார்.

அன்புடன்,
பழைய பயணி ஒருவன்