கரைப் பக்கத்துக் கணக்கு

யாழ்ப்பாணம்

அன்புள்ள குணம்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கிலாந்தின் கரையோர நகரமான பிளிமத்தில் நகரசபை சுகாதார ஆராய்ச்சியைத் தன் கையில் வைத்திருக்க, பல்கலைக்கழகம் அதற்குத் துணை நிற்கிறது என்று எழுதியிருந்தாய். இங்கும் ஒரு பிரதேச சபையும் மருத்துவ பீடமும் சேர்ந்து கரையோர மக்களின் சுகாதாரத்தைப் பார்த்தால் என்ன என்று கேட்டாய். பார்க்கலாம் மச்சான், பார்க்கத்தான் வேண்டும். ஆனால் முறையை அப்படியே தூக்கிக்கொண்டு வர முடியாது.

இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி கிறிஸ் விட்டி 2021இல் அங்குள்ள கரையோரச் சமூகங்களின் சுகாதாரத்தைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் எனக்குப் பெரிதாகப் பட்டது ஒரு விஷயம். சபை எல்லை முழுவதற்கும் சராசரி எடுத்தால், வறிய கரைப் பட்டினம் கரையிலிருந்து தள்ளியிருக்கும் வசதியான ஊர்களோடு கலந்து காணாமல் போய்விடுகிறது. இங்கே ஒரு கிராம அலுவலர் பிரிவுக்குள்ளேயே அது நடக்கும். றோட்டுக்கு இந்தப் பக்கம் தோட்டக் காணியும் அரசாங்க உத்தியோகமும், அந்தப் பக்கம் வலையும் வள்ளமும். அதனால் பிரிவின் பெயரை வைத்துப் பிரிக்காமல், வீட்டுக்கு வீடு கடற்தொழில் வருமானத்தையும் கரையிலிருந்து எத்தனை மீற்றர் என்பதையும் பதிய வேண்டும்.

2022இல் பிரித்தானியாவின் தேசிய சுகாதார ஆராய்ச்சி நிறுவனம் (NIHR) பிளாக்பூல், பிளிமத் உட்பட 13 இடங்களில் ஆராய்ச்சிப் பணத்தைச் சபைகளிடமே கொடுத்தது நல்ல முடிவு. ஆனால் இங்கே கிளினிக்குகள் சபையின் கையில் இல்லை. சபையிடம் இருப்பது வாய்க்கால், குப்பை, ஒழுங்கை, சந்தை, பொதுக் கிணறு. ஆகவே "சலரோகம் (நீரிழிவு) ஏன் கூடுகிறது" என்று தொடங்கினால் அறிக்கை அலுமாரிக்குள் போய்விடும். மீன் இறக்கும் துறையில் மலசலகூடம் இல்லாததால் மீன் தரம்பிரிக்கும் பெண்கள் எத்தனை மணித்தியாலம் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள் என்று கேட்டால், பதில் வந்த அடுத்த மாதமே சபை வேலையைத் தொடங்கலாம்.

வெளிக்களத்தில்தான் கனக்கப் பிழைக்கும். கிராம அலுவலரின் பட்டியலில் இருக்கிற குடும்பம் வாடி (தற்காலிக மீன்பிடிக் குடிசை) போட்டு வேறு கரையில் நிற்கும். பூட்டின வீட்டை "மறுத்தார்" என்று எழுதினால் கணக்குக் கெட்டுவிடும். கடற்தொழிலாளர் சங்கத்தின் பட்டியலோடு ஒத்துப் பார்த்து, வாடிக்கே போய்க் கேட்க வேண்டும். கிராம அலுவலரைக் கூட்டிக்கொண்டு போனாலோ அரசாங்க உதவிப் பணமான அஸ்வெசுமவுக்குப் பதிவு என்று நினைத்து வருமானத்தைக் குறைத்துச் சொல்வார்கள்.

நேரம் இன்னொரு சிக்கல். இரவுத் தொழிலுக்குப் போனவர் விடிய வந்து, மீனை விற்று, வலையைச் சீர்பண்ணி, மத்தியானம் வரை படுப்பார். காலைக் கிளினிக்கில் அவர் முகம் தெரியாது; வருவது மனைவியும் வயது போனவர்களும்தான். பின்னேரம் 3 மணிக்குப் பிறகு போக வேண்டும். கத்தோலிக்கக் கிராமமானால் ஞாயிறு பூசை முடிந்த பிறகு. வெறும் வயிற்றுச் சீனிப் பரிசோதனை இவர்களுக்குச் சரிவராது, கரைக்கு வந்ததும் தேத்தண்ணி குடித்துவிடுவார்கள். கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை செலவு கூட என்றாலும் பட்டினி கிடக்கத் தேவையில்லை.

பிறசர் அளக்கும்போது உலக சுகாதார நிறுவனத்தின் ஸ்டெப்ஸ் (STEPS) கணக்கெடுப்பு முறையை விடக் கூடாது: 15 நிமிடம் சும்மா இருத்தி, 3 நிமிட இடைவெளியில் மூன்று தரம் அளந்து, கடைசி இரண்டின் சராசரியை எடுப்பது. வள்ளம் இழுத்த கையோடு அளந்தால் ஊர் முழுக்க நோயாளி.

எத்தனை பேர் என்று கேட்டிருந்தாய். 25 வீதம் பேருக்கு உயர் பிறசர் என்று எடுத்து, 5 வீதம் கூடக்குறைய வரலாம் என்றால் 289 பேர் என்று சூத்திரம் சொல்லும். ஆனால் ஒரே ஒழுங்கையில் 20 பேரைப் பிடித்தால் எல்லோரும் ஒரே தண்ணீர், ஒரே சாப்பாடு. அந்த ஒற்றுமையின் அளவை 0.05 என்று வைத்தால், மற்ற 19 பேருக்கும் 0.05 வீதம் கூட்டி 1.95ஆல் பெருக்க வேண்டும், 564 பேர். பத்தில் ஒருவர் மறுப்பதையும் சேர்த்தால் 627. ஒழுங்கைக்கு 10 பேராகக் குறைத்தால் மறுப்பவர்களையும் சேர்த்து 467 போதும், அலைச்சல்தான் கூடும். இது கரைக்கு மட்டும். ஒப்பிட, கரையிலிருந்து தள்ளிய ஊரிலும் அதே அளவு வேண்டும்.

ஒப்பிடும்போது வயதைச் சரிக்கட்டாமல் வாய் திறக்கக் கூடாது. ஒரு பேச்சுக்கு, 50 வயதுக்குக் கீழே 10 வீதம், மேலே 40 வீதம் என்று இரண்டு ஊரிலும் ஒரே நிலை என்று வை. பிள்ளைகள் வெளிநாடு போய் பாதிப்பேர் 50 தாண்டிய ஊரில் 25 வீதம் வரும். 30 வீதமே தாண்டிய ஊரில் 19. வித்தியாசம் வயதால் வந்தது, கரையால் அல்ல.

கிணற்றுத் தண்ணீரின் உப்பை மழைக்கு முன் செப்டெம்பரிலும், மாரி முடிந்து ஜனவரியிலும் இரண்டு தரம் அளக்க வேண்டும். நல்ல தண்ணீர் உவர்நீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. மோட்டர் இறைத்தபின் எடுத்தால் கீழ் உவர் ஏறிவிடும். விடிய, இறைக்க முன்னம் எடுக்க வேண்டும். உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மானியை ஒவ்வொரு நாளும் 1413 மைக்ரோசீமென்ஸ் என்று அளவு தெரிந்த கரைசலில் சரிபார்க்காவிட்டால் இரண்டு பருவத்தையும் ஒப்பிட முடியாது.

இன்னொன்று, சின்ன ஊரில் ஐந்து பேருக்குக் குறைந்த எண்ணிக்கையை அச்சிட்டால் ஆள் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். காசநோய், மனநோய் விஷயத்தில் இது ஒரு வீட்டின் கலியாணத்தையே குழப்பும். அட்டவணையில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட வேண்டும்.

பிளிமத் சபை உத்தியோகத்தருக்கு ஆராய்ச்சிப் பயிற்சி கொடுக்கிற பாடத்திட்டம் ஏதும் கையில் கிடைத்தால் அனுப்பு. சபைக் கூட்டத்துக்குக் கொண்டுபோக முதலில் அதைத் தமிழில் சுருக்க வேண்டும்.

அன்புடன்,
ராசன்